சாவா மூவாப் பேராடும் இக்காலத்து ஈகையும்

ஈகையைப் போற்றாத இலக்கியம் தமிழில் இல்லை எனலாம். கடையெழு வள்ளல்களின் பெயர்களைத் தொடக்கப் பள்ளிச் சிறுவனும் ஒப்பிப்பான். படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரை நல்கினான். குளிரால் நடுங்கிற்றென்று எண்ணிப் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். இவ்வருட்செயல்களை நாம் வியந்து பாராட்டுகின்றோம், பாராட்டுதற்கு உரியனவே. ஆயினும், தமிழ் கற்கும் மாணவன் ஒருவன் துணிந்து ஒரு வினாவை எழுப்பலாம். தேர் கிடைத்தபின் அம்முல்லை என்னாயிற்று? கொழுகொம்பு கிடைத்தது; வேருக்கு நீர் வார்த்தவர் யார்? அடுத்த கோடையில் அதனைச் சென்று கண்டவர் உளரா? புலவர் இதனைப் பாடவில்லை. பாடுவது அவர் கருத்துமன்று. ஆனால் ஈதலை ஒரு பொதுக் கடமையாகக் கொள்ளும் இக்காலத்தார் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

இவ்வினாவுக்கு விடையாக மேனாடுகளில் எழுந்து நம் நாட்டிலும் பரவியுள்ள ஈகைமுறை ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அதனை ‘வென்ச்சர் பிலாந்திரபி’ என்பர். ஈண்டு ‘முதலீட்டு ஈகை’ என வழங்குவோம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்கச் செல்வர் மூன்றாம் ஜான் டி. ராக்பெல்லர் இத்தொடரை ஆண்டார். பலரும் அஞ்சி ஒதுக்கும் பொதுநலப் பணிக்குத் துணிந்து பொருள் ஈதலையே அவர் அதனாற் குறித்தார். பின்னர் 1997ஆம் ஆண்டில் லெட்ஸ், ரயன், கிராஸ்மன் என்னும் மூவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிக இதழில் எழுதிய கட்டுரையால் இக்கருத்து விரிவடைந்தது. புதுத்தொழிலில் முதலிடும் வணிகர் பணத்தைக் கொடுத்துவிட்டு அகன்று போவதில்லை; பல ஆண்டுகள் உடனிருந்து, தக்க ஆட்களைத் தேடித் தந்து, கணக்கைச் சீர்செய்து, அத்தொழில் தன் காலில் நிற்கும்வரை காக்கின்றனர். அறநிலையங்களோ ஒரு பணிக்கு ஓராண்டு பணம் கொடுத்து, அப்பணியைச் செய்யும் நிறுவனத்தின் வலிமையைப் பற்றிக் கவலாமல் விட்டுவிடுகின்றன. வணிகர்பால் அறஞ்செய்வோர் கற்க வேண்டுவது இதுவே என்பது அவர்தம் கருத்து.

அதன் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, கொடுப்போர் பலவற்றுக்குச் சிறிது சிறிதாகத் தூவாமல், ஆராய்ந்து தேர்ந்த சிலவற்றுக்கே பெரும்பொருள் அளிக்கின்றனர். இரண்டாவது, அப்பொருளைப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்கின்றனர். மூன்றாவது, ஊதியம், பயிற்சி, கணக்கு, கருவி ஆகிய உள்வலிமைச் செலவுகளுக்கும் அது பயன்பட இசைகின்றனர். நான்காவது, பணத்தோடு அறிவையும் காலத்தையும் தருகின்றனர். ஐந்தாவது, விளைந்த பயன் யாதென அளந்து கேட்கின்றனர். கொடை, குறைந்த வட்டிக் கடன், பங்கு முதல் என்னும் மூன்று வடிவிலும் அப்பொருள் வரலாம். ஈட்டும் வழியில்லாத பணிக்குக் கொடை, சிறிது ஈட்டித் திருப்பக்கூடிய பணிக்குக் கடன், வளர்ந்து வருவாய் தரவல்ல சமூகத் தொழிலுக்குப் பங்கு என்பது பொதுவான முறை.

இது புதுமையோ எனின், பெயர் புதிது, பொருள் பழையது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பயின்றோர் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரை அறிவர். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிதற்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை ஒருவர் அளிப்பார். அவை இடையரிடம் ஒப்புவிக்கப்படும். இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், மூக்கும். ஆனால் மந்தையின் தொகை குறையலாகாது. குட்டிகள் பெருகினால் அப்பெருக்கம் இடையர்க்கு உரியதாகும். ஆகவே, ஈந்த முதல் அழிவதில்லை. அதன் விளைவே அறத்துக்குச் செல்லும். இடையரும் இரவலராகாது, வாழ்வும் பொறுப்பும் உடைய பணியாளராயினர். கொடுத்தவர் மாண்டு தலைமுறைகள் கழிந்தும் விளக்கு எரிந்தது. இதனினும் தெளிவாக முதலீட்டு ஈகைக்கு இலக்கணம் கூறுதல் அரிது.

கணக்குக் கேட்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊரின் ஏரியைக் காக்க ஏரிவாரியம் அமைத்தமையைக் கூறுகின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுதற்கு உரியரல்லர் என்று அது விலக்குகின்றது. பொதுப்பொருளைக் கையாள்வோன் விடைசொல்லக் கடமைப்பட்டவன் என்பதை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தனர்.

இராமநாதபுரச் சீமையின் அண்மை வரலாறும் இதற்குச் சான்று பகரும். சேதுபதி மரபினரும் பாலவனத்தம் ஜமீன்தாருமாகிய பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். புலவர்க்குப் பொற்கிழி அளித்து அனுப்புவதோடு அவர் அமைந்திலர். நூல்நிலையம், அச்சுக்கூடம், பாடசாலை, ‘செந்தமிழ்’ என்னும் இதழ் ஆகியவற்றை ஏற்படுத்தினார். புலமை வளர்வதற்கான நிலையையே கட்டினார். சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ பதிப்பிப்பாரின்றிக் கிடந்தபோது அதனை ஏற்றுக் கொண்டார். 1910ஆம் ஆண்டில் அது சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. 1911ஆம் ஆண்டில் தேவர் மறைந்தார். சங்கம் இன்றும் மதுரையில் உள்ளது.

அவரே 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனிக்கும் தலைவராக விளங்கினார். பத்து இலட்சம் ரூபாய் மூலதனம். ஒரு பங்கு இருபத்தைந்து ரூபாயாக நாற்பதினாயிரம் பங்குகள். அது வணிகமேயாயினும் நாட்டுநலம் கருதி எழுந்த வணிகம். அந்நிய அரசின் பகையும் எதிர்க்கம்பெனியின் கட்டணப் போட்டியும் அதனை நெருக்கின. 1908ஆம் ஆண்டில் சிதம்பரனார் சிறைப்பட்டபின் அது நிலைகுலைந்து 1911ஆம் ஆண்டில் முடிவுற்றது. இவ்விரு முயற்சிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரு பாடம் புலனாகும். ஒருவருடைய தோளில் மட்டும் நிற்கும் நற்பணி, அத்தோள் சாயும்போது தானும் சாயும். ஆதலின் ஈவோர் பணத்தைத் தருவதோடு, பல தோள்களைத் தேடிச் சேர்த்தலையும் தம் கடனாகக் கொள்ளுதல் வேண்டும்.

இனி, இக்காலத்திற்கு வருவோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு உலகெங்கும் எடுத்தோதப்படுவது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில், பதினொரு படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணியிருந்தும் அவர் கண்ணறுவை செய்தார். பணம் தரவல்லார் தரும் கட்டணத்தைக் கொண்டு தரவியலாதார்க்கும் அதே தரத்தில் மருத்துவம் செய்தல் அம்மருத்துவமனையின் முறை. நோயாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெறுகின்றனர். அன்றாடச் செலவுக்கு அது யாரிடமும் கையேந்தி நிற்கவில்லை.

அங்ஙனமாயின் ஈவோருக்கு அங்கு என்ன வேலை? இங்கேதான் முதலீட்டு ஈகையின் நுட்பம் விளங்குகின்றது. கண்புரை அறுவைக்குப்பின் கண்ணினுள்ளே பொருத்தும் வில்லை முன்னர் அயல்நாட்டிலிருந்து வந்தது. அதன் விலை ஏழைக்கு எட்டாதது. ஏழைகள் அறுவைக்குப்பின் தடித்த கண்ணாடியோடு வாழ்ந்தனர். வில்லைகளை விலைக்கு வாங்கி இலவசமாக வழங்கும்படி யாரேனும் நன்கொடை தந்திருக்கலாம், அவ்வாண்டில் சில ஆயிரம் பேர் பயனடைந்திருப்பர், அவ்வளவே. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டில் தோன்றிய சேவா நிறுவனத்தாரும், டேவிட் கிரீன் முதலிய நண்பரும் வேறு வழி தேடினர். வில்லை செய்யும் தொழில்நுட்பத்தையே மதுரைக்குக் கொணர உதவினர். 1992ஆம் ஆண்டில் அரோலேப் என்னும் தொழிற்சாலை எழுந்தது. வில்லையின் விலை பத்து டாலர் அளவிற்கு இறங்கிப் பின்னர் அதனினும் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையில் செய்த வில்லைகள் செல்கின்றன. ஒருமுறை ஈந்த அறிவும் பொருளும் அழியாது குட்டியீன்று பெருகியவாறு காண்க.

பின்னர், ஜாக்குலின் நோவோகிராட்ஸ் என்னும் அம்மையார் 2001ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிறுவிய அக்யூமென் நிதியம் தன் தொடக்கக் காலத்திலேயே அரவிந்துக்குத் துணைசெய்தது. தொலைவிலுள்ள சிற்றூரில் இருக்கும் நோயாளியை நகரிலுள்ள மருத்துவர் படக்கருவியின் வாயிலாகக் கண்டு ஆராயும் முறைக்கு அத்துணை பயன்பட்டது. விரைந்து இலாபம் கேளாது காத்திருக்கும் முதலைப் ‘பொறுமை முதல்’ என்று அந்நிதியத்தார் அழைக்கின்றனர். நல்ல பெயர், விதைத்த மறுநாளே முளையைத் தோண்டிப் பார்ப்பவன் உழவனாகான் அன்றோ?

நிற்க. இவையெல்லாம் மதுரைக்கும் நியூயார்க்குக்கும் பொருந்துவன. எம் முதுகுளத்தூருக்கு என்ன பயன் என்று கேட்பார் கேட்கலாம். அவர்க்கே யான் விடைகூற விழைகின்றேன்.

முதுகுளத்தூர் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையும், அதனைத் தேக்கும் கண்மாய்களுமே அதன் உயிர். குண்டாற்று நீரைக் கொணரும் இரகுநாத காவிரி என்னும் கால்வாய் சேதுபதிகளின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. கண்மாய் மேடிட்டது, வரத்துக்கால் தூர்ந்தது, எங்கும் சீமைக்கருவேல் மண்டியது. அதனைப் பகையென்று வைவோரும், மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்று அதனாலேயே பிழைப்போரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர். குண்டு மிளகாய் எம் நிலத்தின் பெருமை; ‘இராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்னும் பெயருக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கடன்பட்ட உழவன் வற்றலைக் காய்ந்த கையோடு கிடைத்த விலைக்கு விற்கின்றான். அவனுக்குப் புகழ் கிடைத்தது. சேமித்து வைக்கக் கிடங்கு கிடைக்கவில்லை.

இத்தகைய ஊர்களுக்கு நன்கொடை வருவதே இல்லை எனல் தவறு. வருகின்றது, ஒருநாள் விழாவாக வருகின்றது. இயந்திரம் வந்து கண்மாயை ஒரு வாரம் தோண்டும்; கரையில் கொடுத்தவர் பெயர் பொறித்த பலகை நிற்கும்; நிழற்படம் எடுக்கப்படும். வேரோடு அகற்றாது வெட்டிய சீமைக்கருவேல் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்பினது. சில ஆண்டுகளில் மரம் பலகையை மறைத்துவிடும். வெட்டுவதற்குப் பணம் இருந்தது. ஆண்டுதோறும் முளையைக் களைவதற்கும், மடையைப் பழுதுபார்ப்பதற்கும், நீர்பாய்ச்சும் முறையை ஒழுங்கு செய்யும் சங்கத்தைக் கூட்டுவதற்கும் பணம் இல்லை. ‘சம்பளத்திற்குக் கொடுக்கமாட்டோம், வேலைக்கே கொடுப்போம்’ என்பது பல ஈகையாளர் கொள்கை. ஆளின்றி வேலை எங்ஙனம் நடக்கும் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. இடையனுக்கு வழிசெய்யாது ஆட்டை மட்டும் கோயில் வாயிலில் கட்டிவிட்டுப் போவதற்கு ஒப்பாகும் இது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 1997ஆம் ஆண்டில் மதுரையில் ம. ப. வாசிமலை முதலியோர் தொடங்கிய தானம் அறக்கட்டளை, ‘வயலகம்’ என்னும் பெயரால் கண்மாய்ப் பாசன உழவர்களைச் சங்கங்களாக இணைத்து இராமநாதபுர மாவட்டத்திலும் பணியாற்றி வருகின்றது. அம்முறையில் வெளியார் பொருளோடு உழவரும் தம் பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ இடுகின்றனர்; பின்னாளைய பராமரிப்புக்கென ஒரு நிதியும் சேர்க்க முயல்கின்றனர். தம் பங்கை இட்டவன், கண்மாயைத் தன்னுடையதாகக் கருதுவான். கரை உடைந்த இரவில் மண்வெட்டியோடு முதலில் ஓடி வருபவன் அவனே. பெயர்ப்பலகைக்கு உரியவர் அந்நேரத்தில் தொலைவில் உறங்கிக்கொண்டிருப்பார்.

மிளகாய்க்கும் இவ்வாறே. உழவர் உற்பத்தியாளர் கம்பெனி அமைக்கச் சட்டம் இடந்தருகின்றது. கிடங்கு கட்டக் கொடை. வற்றலை ஈடாக வைத்து உழவனுக்கு முன்பணம் தரக் குறைந்த வட்டிக் கடன். தரம் பிரிக்கவும் கணக்கு எழுதவும் சந்தை தேடவும் வல்ல மேலாளர் ஒருவருக்கு ஐந்தாண்டு ஊதியம். இம்மூன்றையும் ஒருங்கே தந்து உடனிருப்பார் ஒருவர் கிடைப்பின், ஆறாம் ஆண்டில் அக்கம்பெனி தன் காலில் நிற்றல் கூடும். இவற்றுள் மூன்றாவதற்கே ஈவார் அரியர் என்பதை மறத்தலாகாது.

இம்முறையைக் குறைகூறுவோரும் உளர். அவர் கூறுவதிலும் உண்மை உண்டு. அறத்துள் வாணிகம் புகுந்தால் அறம் வாணிகமாகிவிடும் என்பர். 2010ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டில் அஃது ஓரளவு மெய்யாயிற்று. ஏழைப் பெண்டிர்க்கு உதவவென்று தோன்றிய நுண்கடன் தொழிலில் இலாபம் தேடும் முதல் பெருகிற்று. ஒருவருக்கே பலர் கடன் தந்தனர். தண்டும் முறை கடுமையாயிற்று. தற்கொலைச் செய்திகள் எழுந்தன. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மாநில அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்தது. உழக்கு நெய்க்கு மாறாக நாழி நெய் கேட்டால் இடையன் ஆட்டையே விற்பான். ஆதலின், எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்கு வரம்பு வேண்டும். சில பணிகளில் யாதொன்றும் திரும்ப வேண்டாம் என்னும் துணிவும் வேண்டும். பைத்தியம் பிடித்த ஏழையைக் காப்பவரிடமும் தாயற்ற குழந்தையை வளர்ப்பவரிடமும் ‘உம் தொழில் எப்போது தன் காலில் நிற்கும்?’ என்று கேட்பது கொடுமை.

இரண்டாவது குறை, அளவுகோலைப் பற்றியது. எண்ணக்கூடியவற்றையே எண்ணி, எண்ணமுடியாதவற்றை இல்லையென்று கொள்ளும் மயக்கம் கணக்கருக்கு எளிதில் வரும். தோண்டிய மண்ணைக் கனமீட்டரில் அளந்துவிடலாம். பகைத்திருந்த இரு தெருவார் ஒரு மடையைப் பகிர இசைந்ததை எந்தப் படியால் அளப்பது? எம் பகுதியில் பின்னதே அரிய செயல். ஆகையால், அளவுகோலைக் கொடுப்பவர் மட்டும் தீர்மானியாது, பெறுவோரும் உடனிருந்து தீர்மானித்தல் முறை.

நம் நாட்டுச் சட்டமும் இப்போது வழி திறந்துள்ளது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடர்பணிகளுக்கு மேலும் மூன்றாண்டுவரை அப்பொருளைப் பயன்படுத்தவும் இடமுண்டு. 2022ஆம் ஆண்டில் சமூகப் பங்குச் சந்தைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூர் உன்னதி நிறுவனத்தின் பத்திரம் முதலாவதாக அதில் இடம்பெற்றது. அப்பத்திரத்தை வாங்குவோர்க்கு வட்டியும் இல்லை, முதலும் திரும்பாது. பணம் எங்ஙனம் பயன்பட்டது என்னும் கணக்கு மட்டுமே கிடைக்கும். இவ்வழிகள் இருந்தும், ஆண்டிறுதியில் அவசரமாகப் பணத்தைச் செலவிட்டுக் கணக்கை முடிக்கும் மனப்பான்மை இருக்குமாயின், ஒருநாள் விழாக்களே பெருகும். முதுகுளத்தூர்ச் சங்கம் ஒன்று அப்பங்குச் சந்தையின் வாயிலை அணுகுதற்கு வேண்டும் கணக்கும் பதிவும் அறிக்கையும் எழுதித்தர ஆள் வேண்டுமே! அவ்வாள் யார்?

மாணவ நண்பர்காள், அவ்வாள் நாமாகலாம் என்பதே யான் சொல்ல வந்தது. நம்மிடம் பொருள் இல்லை. ஆனால் முதலீட்டு ஈகையின் பாதி பொருளன்று. வணிகவியல் பயிலும் மாணவன் விடுமுறையில் தன் ஊர்ச் சங்கத்தின் கணக்கேட்டை ஒழுங்கு செய்யலாம். பொருளியல் பயில்வோன் வற்றல் விலையைக் கிழமைதோறும் குறித்து வைக்கலாம். எம்மைப் போன்ற தமிழ் மாணவர், ஆங்கிலத்தில் அச்சுறுத்தும் விண்ணப்பங்களை உழவர்க்கு விளங்கும் மொழியில் எழுதிக் காட்டலாம். உழவர் சொல்லும் பயனை ஈவோர்க்கு விளங்கும்படி எழுதி அனுப்பலாம். ஒருநாள் சென்று மரம் நட்டுவரும் வழக்கத்தை விட்டு, ஒரே ஊருக்கு மூன்று ஆண்டும் செல்லும் வழக்கத்தை நம் கல்லூரிச் சங்கங்கள் மேற்கொள்ளலாம்.

திருவள்ளுவர் ஈகைக்கு முன்னே ஒப்புரவறிதலை வைத்தார்; ஒப்புரவாளன் செல்வத்துக்கு நீர்நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். ஊருணி ஒருவர் ஒருநாள் வார்த்த நீரால் நிறைவதன்று. வரத்துக்கால் தெளிவாயிருந்து, கரை காக்கப்பட்டு, ஊரார் அனைவரும் அதனைத் தமதென்று பேணினால் ஆண்டுதோறும் நிறையும். எம் முதுகுளத்தூர்ச் சீமைக்கு அத்தகைய ஈகையே வேண்டும். அதனைக் கேட்டுப் பெறவும், பெற்றதைக் குறையாது காத்துப் பெருக்கவும், உழக்குத் தவறாது அளந்து கணக்குக் காட்டவும் வல்ல இடையர்களாக நம்மை நாம் ஆக்கிக்கொள்வோமாக.